பழைய ராணுவ லாரி: எஞ்சின், கியர் பாக்ஸ் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு அமெரிக்க லாரிகளைப் பற்றியவை. முதலாவது ஜிஎம்சி சிசிகேடபிள்யூ. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 முதல் 1945 வரை, ஐந்தரை லட்சத்துக்கும் மேல் தயாரான பெட்ரோல் லாரி. இரண்டாவது அதன் வாரிசான எம்35 வரிசையில் வந்த எம்35ஏ2. அதில் இருப்பது பல எரிபொருள்களில் ஓடும் எல்டிடி-465 எஞ்சின். இரண்டும் இரண்டரை டன் வகுப்பு. இரண்டிலும் மூன்று அச்சுகளுக்கும் இயக்கம் உண்டு.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற சிசிகேடபிள்யூ கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் இறுகிவிட்டதா என்று தெரியவில்லை. பேட்டரி போட்டு ஒருமுறை சுற்றிப் பார்க்கலாமா?

கூடாது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் கூடாது. துருவில் ஒட்டிய பிஸ்டன் ரிங்கை வலுவாக இழுத்தால் ரிங் உடையும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும்.

முதலில் ஆறு ஸ்பார்க் பிளக்கையும் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்கிவிட்டுக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் 20 மில்லி அளவுக்கு டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். கீழே இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கக் கைப்பிடியால் முன்னும் பின்னுமாகக் கால் சுற்று மட்டும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் கைப்பிடியில் நீளக் குழாய் மாட்டி அழுத்தாதீர்கள். இன்னும் சில நாள் ஊறட்டும்.

சுற்ற ஆரம்பித்ததும் பலர் நேராக ஸ்டார்ட்டருக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் வால்வு கவரைத் திறந்தே ஆக வேண்டும். இந்த 270 கன அங்குல (4.4 லிட்டர்) எஞ்சினில் வால்வுகள் தலையில் இருக்கின்றன. நாள்பட்டு நின்ற வண்டியில் ஒன்றிரண்டு வால்வுகள் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் சுற்றும்போது வால்வை அழுத்தும் ஒவ்வொரு ராக்கரையும் கவனியுங்கள். ராக்கரைத் தூக்கும் புஷ் ராடு இறங்கிய பிறகும் வால்வு மேலே வராமல், ராக்கர் லொடலொடவென ஆடினால் அந்த வால்வு ஒட்டியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் சுற்றினால் புஷ் ராடு வளையும். அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வால்வு தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி மேலும் கீழும் இளக வையுங்கள். பிஸ்டன் மேலே இருக்கும்போது தட்டினால் வால்வு அதில் இடிக்கும்.

அடுத்தது ஆயில் சம்ப், அதாவது எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி. ஆயிலை வடிப்பது மட்டும் போதாது, சம்பைக் கழற்றிக் கழுவ வேண்டும். அடியில் படிந்த களிம்பு இன்றைய டிடர்ஜென்ட் ஆயில் பட்டதும் கரைந்து பெயர்ந்து சல்லடையை அடைக்கும். எஞ்சின் ஓடும், ஆனால் பேரிங்குக்கு ஆயில் போகாது. சம்பையும் சல்லடையையும் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டி, நம்மூர் வெப்பத்துக்கு எஸ்ஏஇ 30 அல்லது 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். முதல் 100 கிலோமீட்டரில் அதையும் மாற்றிவிடுங்கள்.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் மீட்டர் முள் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பிய பிறகுதான் மற்றதெல்லாம். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் பழியை மோட்டார் மேல் போடாதீர்கள். இது 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு 12 வோல்ட் வண்டியைப் போல இரு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். காரின் பேட்டரி கேபிளை மாட்டினால் மின்னழுத்தத்தில் கணிசமான பகுதி கேபிளிலேயே போய்விடும். 50 முதல் 70 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் போடுங்கள். எஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையிலான எர்த் இணைப்பில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய டேங்கை நம்ப வேண்டாம். சிறிய கேனில் புதுப் பெட்ரோல் வைத்துக் கார்புரேட்டருக்குக் கொடுங்கள். சிலிண்டர்கள் பற்றும் வரிசையான ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஸ்டார்ட் ஆகி 15 வினாடிக்குள் ஆயில் அழுத்தம் காட்டாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

சூடான பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். ஆறு பிளக்கும் வெளியே, த்ராட்டில் வால்வு முழுக்கத் திறந்த நிலையில். ஒரு சிலிண்டர் குறைவாக இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

கேள்வி: ஈயம் இல்லாத, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் இந்த எஞ்சினுக்கு ஆகுமா?

ஆக்டேன் அளவைப் பொறுத்தவரை தாராளமாக ஆகும். கம்ப்ரஷன் குறைவான எஞ்சின் இது. சிக்கல் எத்தனாலில்தான் இருக்கிறது. பழைய பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், ரப்பர் ஹோஸ், டேங்க் மீட்டரில் உள்ள கார்க் மிதவையின் வார்னிஷ் பூச்சு எல்லாவற்றையும் அது இளக்கும். எத்தனால் தாங்கும் டயஃப்ரமும் ஹோஸும் போடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

ஈயம் இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயுமா என்ற பயத்துக்கு எளிய சோதனை இருக்கிறது. எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே உள்ளது) ஒவ்வொரு 1,500 கிலோமீட்டருக்கும் அளந்து எழுதி வையுங்கள். சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். குறையவில்லை என்றால் ஹெட்டைத் தொட வேண்டாம். வேறு காரணத்துக்காக ஹெட் இறங்கினால் அப்போது கடின சீட் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: சிசிகேடபிள்யூ கியர் மாற்றும்போது பல் உரசி அலறுகிறது. நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கவே முடியவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் கியர் பாக்ஸில் கோளாறு இருக்காது. முதலில் கிளட்ச் முழுதாக விடுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் மெதுவாக ஓட, நியூட்ரலில் கிளட்ச்சை முழுக்க மிதித்து ஆறு வினாடி காத்திருங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரி. கரகரத்தால் கிளட்ச் இழுக்கிறது. பெடல் அளவு, கிளட்ச் பிளேட், எஞ்சின் முனையிலுள்ள பைலட் பேரிங் மூன்றையும் பாருங்கள்.

கிளட்ச் சரி என்றால் குறை ஓட்டும் முறையில். இந்த வார்னர் டி93 கியர் பாக்ஸில் பற்களின் வேகத்தை ஒன்றாக்கிக் கொடுக்கும் சின்க்ரோ அமைப்பு கிடையாது. அந்த வேலையை ஓட்டுநரின் காலும் காதும் செய்ய வேண்டும். விகிதங்களைப் பாருங்கள்: முதல் கியர் 6.06, இரண்டு 3.50, மூன்று 1.80, நான்கு நேரடி 1.00, ஐந்து ஓவர் டிரைவ் 0.799. ஒவ்வொரு படிக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிற பெட்டி இது. மூன்றாவது கியரில் எஞ்சின் 2,500 சுற்றில் ஓடுகிறது என்றால், நான்கு விழ அது ஏறத்தாழ 1,400-க்கு இறங்க வேண்டும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

மேலே ஏற்ற: கிளட்ச் மிதி, நியூட்ரல், கிளட்ச் விடு, எஞ்சின் சத்தம் இறங்கும்வரை பொறு, கிளட்ச் மிதி, அடுத்த கியர். கீழே இறக்க: கிளட்ச் மிதி, நியூட்ரல், கிளட்ச் விடு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து சுற்றை ஏற்று, கிளட்ச் மிதி, கியர். நியூட்ரலில் கிளட்ச்சை விடுவதுதான் இதில் உயிர். அப்போதுதான் எஞ்சின் சுற்று உள்ளே உள்ள துணைத் தண்டான கவுன்டர் ஷாஃப்ட்டுக்குப் போய்ச் சேரும்.

நான்கிலிருந்து மூன்றுக்கு நீங்கள் இறக்குவது அதிக வேகத்தில் என்று நினைக்கிறோம். முன், பின் அச்சுகளுக்கு இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை விகிதம் 1.16, ஆக்ஸில் 6.6, டயர் 7.50-20 என்று வைத்துக் கணக்கிட்டால், எஞ்சினின் உச்சமான 2,750 சுற்றில் வண்டியின் வேகம் முதல் கியரில் 10, இரண்டில் 17, மூன்றில் 33, நான்கில் 60, ஐந்தில் 75 கிலோமீட்டர். ஆக 33-க்கு மேல் ஓடும்போது மூன்றாவது கியர் விழக் கூடாது. பலவந்தமாகத் தள்ளினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். 25-க்கு இறக்கிவிட்டு மாற்றுங்கள். வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லாததால், இந்த வேகங்களை மைல் கணக்கில் எழுதி ஸ்பீடாமீட்டர் அருகே ஒட்டிவைப்பது நல்லது. முதல் நான்கு கியர்களுக்கு 6, 10, 20, 37 என்று வைத்துக்கொள்ளலாம்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.63. முதல் கியரும் லோவும் சேர்ந்தால் எஞ்சின் 105 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. முழு வேகத்திலும் மணிக்கு 4.4 கிலோமீட்டர்தான், மனிதர் நடக்கும் வேகம். சேற்றிலிருந்து வெளியேற அது போதும். அந்த நிலையில் சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொண்டால் உடைவது ஆக்ஸில் ஷாஃப்ட்டோ ஜாயின்ட்டோதான். லோ கியரில் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மிதிக்காதீர்கள்.

கேள்வி: எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரை எடுத்துவிட்டால் நெடுஞ்சாலையில் 90 போகலாம் என்கிறார்கள். உண்மையா?

போகும். போக விடாதீர்கள். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ஓடிய ரெட் பால் எக்ஸ்பிரஸ் சரக்குப் போக்குவரத்தில் பல ஓட்டுநர்கள் கவர்னரை முடக்கி ஓட்டியது உண்மைதான். முன்னணிப் படைக்குப் பெட்ரோலும் குண்டும் சேர வேண்டிய அவசரம் அவர்களுக்கு. பழுதானால் எஞ்சினையே மாற்றித் தர ராணுவப் பட்டறைகள் பின்னால் இருந்தன. உங்களுக்கு அது இல்லை.

இந்த எஞ்சின் தரும் அதிகபட்ச முறுக்கு விசையான 293 நியூட்டன் மீட்டர், 1,400 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் சுற்ற வைப்பதால் முறுக்கு விசை கூடாது, சத்தமும் பெட்ரோல் செலவும் கூடும். எஞ்சின் தாங்கினாலும், எண்பது ஆண்டு பழைய ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகள் அந்த வேகத்துக்குச் சமநிலை செய்யப்பட்டவை அல்ல. பிரேக்கும் அந்த வேகத்துக்கானது அல்ல. ஐந்தாவது கியரில் 60 முதல் 65 வரை வைத்து ஓட்டுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் திணறுவதற்கு முன்பே ஓவர் டிரைவிலிருந்து நான்குக்கு வந்துவிடுங்கள்.

எம்35ஏ2 வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக. அதன் டீசல் கவர்னர் 2,600 சுற்றில் எரிபொருளைக் குறைக்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றும்போது கவர்னரால் எதுவும் செய்ய முடியாது. இந்த எஞ்சின்களில் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்த கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் இறக்கம்தான் இருக்கிறது. மேலே ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியரை உச்சியிலேயே போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: சிசிகேடபிள்யூவில் முன் சக்கரங்களுக்கு இயக்கம் சேர்க்கும் முன் ஆக்ஸில் லீவர் சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது. எம்35ஏ2-வில் லீவரே இல்லாமல் முன் சக்கரம் தானாகப் பிடிக்கிறது. எது சரி?

சிசிகேடபிள்யூவில் முன் அச்சுக்கும் பின் அச்சுகளுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச் சாலையில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டுகளில் ஏறி நின்றுவிடும். லீவரைக் கம்பி போட்டு நெம்பாதீர்கள். வண்டியை நேராக வைத்து சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், அல்லது ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்குங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் லீவர் தானாக வரும்.

எம்35ஏ2-வில் டி-136 டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் காற்றழுத்த சுவிட்சால் முன் ஆக்ஸில் சேரும். மற்றதில் ஸ்ப்ராக் என்ற ஒருவழிப் பிடிப்பான் இருக்கிறது. பின் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால் மட்டும் அது முன் சக்கரத்தைப் பிடிக்கும். உங்களுடையது இந்த வகை. நல்ல சாலையில் முன் சக்கரம் பிடிக்கிறது என்றால் டயரை அளங்கள். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று இருந்தால், சிறுத்துப்போன பின் சக்கரங்கள் எப்போதும் கொஞ்சம் வேகமாகவே சுற்றும். அதைப் பின் சக்கரம் வழுக்குவதாகவே ஸ்ப்ராக் எடுத்துக்கொள்ளும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்ப்ராக்கின் திசையும் மாற வேண்டும். அதற்கான இணைப்புக் கம்பி சரியான அளவில் இல்லையென்றால் பின்னால் போகும்போது எல்லாம் இறுகிக்கொள்ளும். வண்டி ரிவர்ஸில் முரண்டு பிடித்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இரண்டு லாரிகளிலும் பின்னால் உள்ள இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் இல்லை. அவை எப்போதும் ஒன்றாகவே சுற்றும். எனவே பின் டயர் எட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். டேப்பை டயரின் சுற்றளவில் ஓட்டி அளங்கள். 7.50-20 இரட்டை டயர்களில் 20 மில்லிமீட்டருக்கு மேலும், எம்35-இன் 9.00-20 டயர்களில் 40 மில்லிமீட்டருக்கு மேலும் வித்தியாசம் வரக் கூடாது. ஸ்டெப்னியை அவசரத்துக்கு மாட்டிவிட்டு அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுவது இந்த லாரிகளுக்குப் பெரிய கேடு.

கேள்வி: மல்டிஃபியூயல் எஞ்சின்தானே, ஓட்டலில் பொரித்த எண்ணெயையும் கழிவு எஞ்சின் ஆயிலையும் ஊற்றி ஓட்டலாமா?

கழிவு எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள இரும்புத் தூளும் சாம்பலும் பம்ப்பையும் நாசிலையும் அரிக்கும்.

இந்த எஞ்சினில் பயன்படுவது ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் மொய்ரர் உருவாக்கிய எரிமுறை. நம் ராணுவத்தின் சக்திமான் லாரிக்கு உரிமம் தந்த அதே மான். எரிபொருளைக் காற்றில் தூவாமல், பிஸ்டன் தலையில் குடைந்த உருண்டைக் குழியின் சுவரில் படலமாகப் படிய வைக்கிறார்கள். படலம் ஆவியாக ஆவியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. கம்ப்ரஷன் 22-க்கு 1 என்ற அளவில் இருப்பதால் எளிதில் பற்றாத எரிபொருளும் பற்றிக்கொள்ளும். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் எல்லாம் இதற்கு ஏற்கும். பெட்ரோல் அவசரத்துக்கு மட்டும்.

எரிவது ஒன்று, பம்ப் தாங்குவது இன்னொன்று. இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஹைட்ராலிக் ஹெட் மிக நுண்ணிய இடைவெளியில் ஓடும் பாகம். மண்ணெண்ணெய் போன்ற வறண்ட எரிபொருளில் அதற்கு வழுவழுப்புக் குறையும். தாவர எண்ணெயோ டீசலைப் போலப் பத்து மடங்கு தடிப்பு. ஊற்றத்தான் வேண்டும் என்றால் டீசலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். நாள்கணக்கில் தெளிய வைத்து, நீரைப் பிரித்து, 5 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள். வண்டியிலுள்ள மூன்று எரிபொருள் ஃபில்டர்களையும் வழக்கத்தைவிடப் பாதி இடைவெளியில் மாற்றுங்கள்.

பம்ப்போடு இணைந்துள்ள ஃபியூயல் டென்சிட்டி காம்பன்சேட்டர், எரிபொருளின் தடிப்பைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும். தடித்த எண்ணெய்க்கு அளவைக் குறைத்துவிடும். வண்டி இழுக்கவில்லை என்று பம்ப் திருகைக் கூட்டுவார்கள். அடுத்த முறை டீசல் ஊற்றும்போது அளவுக்கு மேல் எரிபொருள் போய் பிஸ்டன் உருகும். திருகைத் தொடுவதானால் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர் பொருத்துங்கள். 650 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள்.

கேள்வி: எம்35ஏ2-வில் ஆயில் குறைவதற்குப் பதிலாக டிப் ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

வண்டியை எடுக்காதீர்கள். டீசல் ஆயிலில் கலக்கிறது. இன்ஜெக்ஷன் பம்ப் சீல் கசிந்தால் இப்படி ஆகும். ஒரு சொட்டு ஆயிலை வெள்ளைத் தாளில் வையுங்கள். கறுப்பு வட்டத்தைத் தாண்டி வெளிறிய எண்ணெய் வளையம் அகலமாகப் படர்ந்தால் சந்தேகமே வேண்டாம். நீர்த்த ஆயிலில் பேரிங் போகும். அதைவிட மோசம், எஞ்சின் தன் சம்ப்பில் உள்ளதையே உறிஞ்சி எரித்து, நிறுத்தினாலும் நிற்காமல் சுற்றக்கூடும். சீலைச் சரிசெய்து, ஆயிலையும் இரண்டு ஃபில்டரையும் மாற்றிய பிறகு, எஞ்சின் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். காலி ஃபில்டரோடு நேராக ஸ்டார்ட் செய்தால் டர்போ பேரிங் வறண்டு ஓடும்.

கேள்வி: கியர் பாக்ஸில் ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் ஊற்றலாமா?

டிஃபரென்ஷியலுக்கு ஊற்றலாம். கியர் பாக்ஸில் வெண்கலப் பாகங்கள் இருக்கின்றன. எம்35-இன் ஸ்பைசர் பெட்டியில் சின்க்ரோ வளையங்களே இருக்கின்றன. ஜிஎல்-5 ஆயிலின் கந்தகச் சேர்க்கைகள் சூட்டில் வெண்கலத்தை அரிக்கக்கூடும். ஜிஎல்-4 எஸ்ஏஇ 90 அல்லது சேர்க்கையில்லாத மினரல் 90 ஊற்றுங்கள். பழைய ஆயிலை வடிக்கும்போது பொன்னிறத் தூள் மினுங்கினால் வெண்கலம் தேய்கிறது என்று பொருள்.

கேள்வி: ஓடாத லாரியை 200 கிலோமீட்டர் கட்டி இழுக்க வேண்டும். நியூட்ரல் போதுமா?

போதாது. எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் பாக்ஸின் கவுன்டர் ஷாஃப்ட் சுற்றாது. அது ஆயிலை வாரி இறைத்தால்தான் மேலே உள்ள பேரிங்குகளுக்கு ஆயில் கிடைக்கும். நீண்ட தூரம் இழுப்பதானால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டுகளைக் கழற்றிவிடுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் பெயின்ட் கோடு போட்டு வையுங்கள், அதே நிலையில் மாட்ட வேண்டும். போல்ட் துருப்பிடித்துக் கழறவில்லை என்றால், பின் ஹப்பிலிருந்து ஆக்ஸில் ஷாஃப்ட் நான்கையும் உருவிவிட்டு, ஓட்டைகளைத் தகடு வைத்து மூடி இழுக்கலாம். இவை முழு மிதவை ஆக்ஸில்கள் என்பதால் சக்கரம் கழன்று வராது.

கேள்வி: இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நான்காவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

மலிவான காரணத்திலிருந்து தேடுங்கள். மேல் மூடியைத் திறந்து, கியர் கம்பியைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கையும் குண்டையும் பாருங்கள். ஸ்பிரிங் உடைந்தோ குட்டையாகவோ இருந்தால் மாற்றுவது அரை மணி வேலை. அடுத்து பெல் ஹவுசிங் போல்ட்டுகளும் எஞ்சின் மவுன்ட்டும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டி நேர்கோட்டிலிருந்து விலகினால் நேரடி கியரில்தான் முதலில் தெரியும். பிறகு முன் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் முன் பேரிங் தேய்ந்திருக்கிறது. இது எதுவும் இல்லையென்றால் பிடிப்புப் பற்களின் முனை சரிவாகத் தேய்ந்திருக்கும். அதற்குப் பெட்டியை இறக்கத்தான் வேண்டும், பற்களை ஜோடியாக மாற்றத்தான் வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்று போட்டால் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி நழுவும். சரிசெய்யும்வரை கையால் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் உள்ளே உள்ள ஃபோர்க் சூடேறித் தேய்ந்துவிடும்.